பில் என் கையில், ரேஸர் அவர் பாக்கெட்டில்

சூப்பர் மார்க்கெட் வாசலில் அலாரம் அடித்தது. என் கணவரின் பேண்ட் பாக்கெட்டிலிருந்து ரேஸர் பாக்கெட் வந்தது. எனக்கே அப்போதுதான் தெரியும். மேனேஜரோ, “ரெண்டு பேரும் சேர்ந்துதான் எடுத்தோம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா” என்று தாளை நீட்டினார். கை நடுங்கியது, ஆனாலும் போடவில்லை. 412 ரூபாய் பில்லை விரித்து, பருப்பு, எண்ணெய் என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். “கேமராவைப் போட்டுப் பாருங்க சார்.” என் கணவர் ரேஸரை எடுத்த நேரத்தில் நான் காய்கறி எடை போடும் வரிசையில் நின்றிருந்தேன்.

அப்புறம்தான் வக்கீல் சொன்னார்: நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 3(5)-இன்படி இருவருக்கும் பொதுவான எண்ணம் இருந்திருக்க வேண்டும், வெறுமனே கூட வந்தது குற்றமாகாதாம்.

மேனேஜர் என் பெயரை அடித்துத் திருத்திய தாளை போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஆட்டோவில் வீடு வரும்வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.