‘காரணம் தெரியவில்லை’ என்று பதிவான இளம்பெண் இறப்புகள்: வருடா வருடம் ஒப்பிடுவது எப்படி?

இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி இரவு நன்றாகத்தான் தூங்கப் போனாள், காலையில் எழுந்திருக்கவில்லை. இப்படி ஒரு செய்தி வந்தால் யாருக்கும் மனசு பதறும். இந்த மாதிரி இறப்புகள் கூடிவிட்டன என்று ஒரு வரைபடத்தில் கோடு மேலே ஏறினால் இன்னும் பதறும். அந்தக் கோடு நிஜமாகவே ஏறுகிறதா என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு விரிதாளும் கொஞ்சம் பொறுமையும் போதும். எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி.

படி 1: எதை எண்ணப் போகிறோம்?

உலகம் முழுக்க இறப்புக் காரணங்களை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலை வைத்துக் குறியிடுகிறார்கள். ஐசிடி என்பார்கள். அதன் பத்தாவது பதிப்பில் ஆர்00 முதல் ஆர்99 வரையிலான அத்தியாயம், தெளிவான நோய்ப்பெயர் கிடைக்காதவற்றுக்கானது. அதை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆர்95 கைக்குழந்தைகளின் திடீர் மரணம், ஆர்54 முதுமைத் தளர்ச்சி. எல்லா வயதையும் சேர்த்து எடுத்தால் முதியவர்களின் எண்ணிக்கையில் நம் விஷயம் மூழ்கிப்போகும்.

நமக்கு வேண்டியவை மூன்று. ஆர்96 என்பது காரணம் தெரியாத திடீர் மரணம். ஆர்98, யாரும் அருகில் இல்லாதபோது இறந்து, உடலாகக் கண்டெடுக்கப்பட்டு, காரணமும் பிடிபடாதவை. ஆர்99, வேறெதிலும் சேராத, காரணம் குறிப்பிடப்படாத மற்றவை. பெரும்பாலும் கோட்டை ஏற்றுவதும் இறக்குவதும் இந்த ஆர்99தான்.

வயது வரம்பையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். 15 முதல் 44 வரை என்று வைத்துக்கொள்ளலாம். விடையைப் பார்த்த பிறகு வரம்பை மாற்றக் கூடாது. வேண்டிய விடை வரும்வரை வயதை நகர்த்திக்கொண்டே போனால் அது கணக்கே இல்லை.

படி 2: தரவை எடுப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் இறப்புத் தரவுத்தளத்தில் நாடு, வயது, பால், காரணம் வாரியாக எண்ணிக்கை கிடைக்கும். அமெரிக்கத் தரவுக்கு சிடிசி வொண்டர் இருக்கிறது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையத் தரவுத்தளம் அது, இலவசம்தான். அதில் 1 முதல் 9 வரையிலான எண்ணிக்கைகளைத் தனியுரிமைக்காக மறைத்துவிடுவார்கள். 20-க்குக் குறைவான இறப்புகளை வைத்துக் கணக்கிட்ட விகிதத்தை நம்பத்தகாதது என்று அவர்களே குறித்துவிடுவார்கள். மறைத்த இடத்தில் பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். வருடங்களைச் சேர்த்து எடுங்கள்.

இன்னொன்று, ‘ஆண்டு’ என்று போட்டிருப்பது இறந்த ஆண்டா, பதிவான ஆண்டா என்று பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மரண விசாரணைக்குப் போன இறப்பு, விசாரணை முடிந்த பிறகுதான் பதிவாகும். நாம் பேசும் இளவயது இறப்புகளில் நிறைய அந்த வழியாகத்தான் போகும். அதனால் ஒரு வருடம் இறந்தவர் அடுத்த வருடக் கணக்கில் வரலாம்.

படி 3: கடைசி வருடத்தை நம்பாதீர்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. அதே இருபத்தேழு வயதுப் பெண்ணின் பதிவையே எடுத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் படிவத்தில் ‘காரணம் தெரியவில்லை, ஆய்வு நிலுவையில்’ என்று எழுதியிருக்கும். அது ஆர்99-இல் போய் உட்காரும். அப்புறம் ரத்தம், திசு எல்லாம் ஆய்வகத்துக்குப் போகும். அறிக்கை வர வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதக்கணக்கில்.

வந்த அறிக்கையில் போதைமருந்தின் அளவு மிகையாக இருந்து, தவறுதலாக நேர்ந்தது என்று தீர்மானமானால், பதிவு எக்ஸ்40–எக்ஸ்44-க்கு நகரும். இதயத்தசை அழற்சி தெரிந்தால் ஐ40. நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் ஐ26. எதுவுமே அகப்படாவிட்டால்தான் ஆர்96-இலோ ஆர்99-இலோ தங்கும். இறந்தவர் ஒருவர்தான், நீங்கள் எந்த மாதம் தரவிறக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து அவர் இருக்கும் இடம் மாறுகிறது.

ஆகவே தற்காலிகத் தரவு என்று குறித்த வருடங்களில் ஆர்99 எப்போதும் வீங்கித்தான் இருக்கும். அதைப் பழைய வருடங்களின் இறுதித் தரவோடு ஒப்பிட்டால் கோடு ஏறாமல் என்ன செய்யும்? தரவிறக்கிய தேதியை விரிதாளின் முதல் வரியிலேயே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வருடத்தை மறுபடி இறக்குங்கள். எண் குறைந்திருந்தால், முன்பு பார்த்ததில் எவ்வளவு வெறும் நிலுவை என்று கையோடு தெரியும்.

படி 4: விகிதம்

இறப்பு எண்ணிக்கையை அதே வயதுப் பெண்களின் மக்கள்தொகையால் வகுத்து 1,00,000-ஆல் பெருக்குங்கள். அவ்வளவுதான்.

படி 5: வயதுச் சீராக்கம்

ஒரு பயிற்சிக் கணக்கு. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, எந்த நாட்டுடையவையும் அல்ல.

முதல் காலகட்டம்: 15–24 வயதில் 5 லட்சம் பெண்கள், 5 இறப்பு. 25–34-இல் 4 லட்சம், 8 இறப்பு. 35–44-இல் 3 லட்சம், 12 இறப்பு. மொத்தம் 12 லட்சம் பேரில் 25 இறப்பு, லட்சத்துக்கு 2.08.

இரண்டாம் காலகட்டம்: 3 லட்சத்தில் 3, 4 லட்சத்தில் 8, 5 லட்சத்தில் 20. அதே 12 லட்சம் பேரில் 31 இறப்பு, லட்சத்துக்கு 2.58.

கிட்டத்தட்ட 24 சதவீதம் ஏறிவிட்டதே என்று தோன்றும். ஒவ்வொரு வயதுக் குழுவையும் தனியாகப் பாருங்கள். இரண்டு காலத்திலும் 1, 2, 4 என்றுதான் இருக்கிறது. எந்த வயதுப் பெண்ணுக்கும் ஆபத்து கூடவில்லை, வயது கூடிய பெண்களின் பங்குதான் கூடியிருக்கிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு காலத்துக்கும் ஒரே எடையைக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் உலகத் தரப்படுத்தப்பட்ட மக்கள்தொகையில் இந்த மூன்று குழுக்களின் பங்கு 16.69, 15.54, 13.74. மூன்றின் கூட்டுத்தொகை 45.97. அதால் வகுத்தால் 0.363, 0.338, 0.299. இனி ஒவ்வொரு குழுவின் விகிதத்தையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டுங்கள்: 0.363 + 0.676 + 1.196 = 2.235. இரண்டு காலத்துக்கும் அதே விடைதான் வரும்.

படி 6: தற்செயல் ஆட்டம்

சின்ன எண்கள் தானாகவே ஆடும். அந்த ஆட்டத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. இறப்பு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 1.96-ஆல் பெருக்கி, எண்ணிக்கையோடு கூட்டவும் கழிக்கவும் வேண்டும். 25-க்கு ஏறக்குறைய 15 முதல் 35 வரை வரும். 31-க்கு 20 முதல் 42 வரை. இரண்டும் இவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்போது ‘உயர்ந்தது’ என்று உறுதியாக எழுத முடியாது. மூன்று அல்லது ஐந்து வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால் வீச்சு சுருங்கும். எண்ணிக்கை மிகவும் குறைவாக இருந்தால் இந்தக் குறுக்குவழி சரிப்படாது.

படி 7: பக்கத்துக் குறியீடுகள்

ஆர்99 ஏறும்போது எது இறங்குகிறது? இதைப் பார்க்காமல் ஒப்பீடு முடியாது. எல்லாக் காரணங்களும் சேர்ந்த மொத்த இறப்பு விகிதத்தை அதே வயதுக்கு எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஆர் குறியீடுகள் லட்சத்துக்கு 2-லிருந்து 4 ஆகி, மொத்தம் 60-இலேயே நிற்கிறது, போதைமருந்து மிகையால் நேர்ந்த இறப்பு 9-லிருந்து 7 ஆகியிருக்கிறது என்றால், இறப்புகள் கூடவில்லை, இடம் மாறியிருக்கின்றன என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மொத்தமும் சேர்ந்து ஏறினால் விஷயம் வேறு. அங்கே விடாமல் தோண்ட வேண்டும்.

பெண்களின் விஷயத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியவை சில. ஓ95 என்பது காரணம் குறிப்பிடப்படாத மகப்பேற்று இறப்பு. ஓ96, கர்ப்பம் முடிந்து 42 நாளுக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள், மகப்பேற்றுக் காரணத்தால் நேர்ந்த இறப்பு. இறந்தவர் கர்ப்பமாக இருந்தாரா, சமீபத்தில் பிரசவித்தாரா என்று சான்றிதழில் யாரும் எழுதாவிட்டால், தாய் இறப்பு ஒன்று ‘தெரியவில்லை’ பட்டியலுக்குள் போய்விடலாம். தற்கொலையா, விபத்தா, வன்முறையா என்று தீர்மானிக்க முடியாதவை ஒய்10–ஒய்34-இல் இருக்கும். சொல்ல யாரும் முன்வராத இறப்புகளும் இந்த மூலைகளில்தான் ஒதுங்கும். அதனால்தான் இவற்றைச் சும்மா ‘பிழையான பதிவு’ என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

மாரடைப்புக்கும் ‘இதயம் நின்றது’ என்பதற்கும் கூட வித்தியாசம் உண்டு. பின்னது ஐ46. இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை, அதனால் அது ஒரு காரணமே இல்லை. ஒரு மருத்துவர் ‘தெரியவில்லை’ என்று எழுதும் இடத்தில் இன்னொருவர் இதை எழுதுவார். ஐ46-ஐயும் விரிதாளில் ஒரு தனி நெடுவரிசையாக வையுங்கள்.

கோடு இறங்கினாலும் இதே விசாரணை வேண்டும். உடற்கூறாய்வில் இதயம் இயல்பாகத் தெரிந்தாலும், மரபணுப் பரிசோதனையில் நீண்ட க்யூடி, ப்ருகாடா போன்ற இதயத்துடிப்புக் கோளாறுகள் தெரியவரலாம். அந்தப் பரிசோதனை பரவினால் ஆர்96 குறையும். இறப்பு ஒன்றுகூடக் குறைந்திருக்காது. ஆனாலும் பெயர் கிடைத்துவிட்டதால் அந்தப் பெண்ணின் தங்கையையும் மகளையும் பரிசோதிக்க முடிகிறது.

படி 8: பட்டியல் மாறிய வருடங்கள்

ஒன்பதாவது பதிப்பில் இந்த அத்தியாயம் 780–799. அமெரிக்கா 1999-இல் பத்தாவது பதிப்புக்கு மாறியது. மற்ற நாடுகள் வெவ்வேறு வருடங்களில் மாறின. பதினொன்றாவது பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் தரவில் மாற்றம் நடந்த வருடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி நேரடியாக ஒப்பிட வேண்டாம். அடிப்படை ஆண்டாக 2020-ஐயும் எடுக்காதீர்கள். கோவிட் பரிசோதனையும் குறியிடும் விதமும் அந்த வருடத்தில் மாறிக்கொண்டே இருந்தன.

படி 9: எழுதுவது

முடிவை இப்படி எழுதலாம்: ‘15–44 வயதுப் பெண்களில் ஆர்96, ஆர்98, ஆர்99 சேர்ந்த இறப்பு விகிதம், வயதுச் சீராக்கத்துக்குப் பிறகு, முதல் ஐந்து ஆண்டுகளில் இவ்வளவு, அடுத்த ஐந்தில் இவ்வளவு. வீச்சு இது. இதே காலத்தில் மொத்த இறப்பு விகிதம் இது. கடைசி ஆண்டு தற்காலிகத் தரவு, இன்ன தேதியில் எடுத்தது.’ இதில் எந்த இடத்தையாவது நிரப்ப முடியாவிட்டால், அந்தப் படிக்குத் திரும்பிப் போங்கள்.