முதிய பெண்கள் மீதான கொடுமையைத் தடுக்க: பராமரிப்பாளர்களுக்கு முதல் பயிற்சி வகுப்பு எடுப்பது எப்படி?

நான் எடுத்த முதல் வகுப்பு படுதோல்வி. அறுபதுக்கும் மேல் ஸ்லைடு, இரண்டு மணி நேரப் பேச்சு. "ஏதாவது கேள்வி இருக்கா?" என்றபோது ஒரு கைகூட உயரவில்லை. கிளம்பும் நேரத்தில் ஒரு உதவியாளர் மட்டும் தயங்கித் தயங்கி வந்தார். "நல்லா இருந்துச்சு மேடம். ஆனா இதெல்லாம் மோசமானவங்க செய்யறதுதானே? எங்களுக்கு எதுக்கு?"

அன்று மாலை, பேச்சு போய்விட்ட ஒரு பாட்டிக்கு அதே உதவியாளர் உடை மாற்றுவதைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல், வாதம் வந்த கையை முதலில் இழுத்தார். பாட்டியின் நல்ல கை நைட்டியின் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "ஒத்துழைக்கவே மாட்டேங்குது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மாட்டேங்கிறாங்க இல்லை, மாட்டேங்குது. அவர் மோசமானவர் இல்லை. இன்னும் ஒன்பது பேருக்கு உடை மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஸ்லைடுகளை அதன் பிறகு நான் திறக்கவில்லை. எங்கேயோ இருக்கும் கொடியவர்களைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, வகுப்பில் இருப்பவர்களின் கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். முதல்முறை இப்படி ஒரு வகுப்பு எடுக்கப் போகிறீர்கள் என்றால், கீழே இருப்பது நான் இப்போது பின்பற்றும் வரிசை. பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டு அரைநாள். ஒரே நாளில் அடைத்துவிட வேண்டாம். முதல் நாள் கேட்டதோடு ஒரு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தால்தான் இரண்டாம் நாள் வாய் திறப்பார்கள்.

படி 1: வகுப்புக்கு முன்பே, யாரிடம் சொல்வது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாதி வகுப்பில் ஒருவர் எழுந்து, "எங்க வார்டுல ஒருத்தர் தினமும் அடிக்கிறாரு" என்று சொல்லலாம். அப்போது நீங்கள் விழிக்கக் கூடாது. அந்த இடத்தில் புகாரை வாங்குபவர் யார், அவர் இல்லாதபோது யார், புகாரே அவர் மீது என்றால் யார் என்று மூன்று பெயர்களை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். சில நாடுகளில் சந்தேகம் வந்தாலே தெரிவிப்பது மருத்துவப் பணியாளரின் சட்டக் கடமை. வேறு சில இடங்களில், தானே முடிவெடுக்கக்கூடிய நிலையில் இருக்கும் பெண்ணின் சம்மதம் வேண்டும். உங்கள் இடத்துச் சட்டம் எது என்று ஒரே பக்கத்தில் எழுதி, ஆளுக்கொரு நகல் கொடுங்கள்.

இன்னொன்று: வகுப்பு நடக்கும்போது மேலாளர் அங்கே உட்காரக் கூடாது. தொடங்கிவைத்துவிட்டுப் போகட்டும்.

படி 2: எது கொடுமை என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்

இதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2002-ல் டொராண்டோ பிரகடனத்தில் ஏற்ற விளக்கமே போதும். நம்பிக்கை வைத்திருக்கும் ஓர் உறவுக்குள், முதியவருக்குத் தீங்கோ வேதனையோ தரும் ஒரு செயல், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது. ஒருமுறை நடந்தாலும் சரி, பலமுறை நடந்தாலும் சரி. உடலை, மனதை, பணத்தைக் குறிவைப்பது, பாலியல் கொடுமை, கவனிக்காமல் விடுவது என ஐந்து வகையாகப் பிரிப்பது வழக்கம்.

'செய்யாமல் விடுவது' என்ற இடத்தில் மட்டும் நின்று நிதானியுங்கள். அழைப்பு மணியைக் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது, கண்ணாடியையும் காது மிஷினையும் டிராயரிலேயே விட்டுவிடுவது, "டயப்பர் போட்டிருக்கல்ல, அதுலயே போங்க" என்பது. மூன்றாவதைச் சொன்னதும் அறையில் ஒரு நெளிவு தெரியும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

அதே கையோடு இரண்டு எண்களைச் சொல்லலாம். 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர், வீடும் அக்கம்பக்கமுமான சூழலில், ஓராண்டுக்குள் ஏதோ ஒரு கொடுமையை அனுபவித்திருக்கிறார். பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்பவர்களைக் கேட்டதில், 3 பேரில் 2 பேர் கடந்த ஓராண்டில் தாங்களே ஏதோ ஒரு வகையில் அப்படி நடந்துகொண்டதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. இரண்டாவது எண்ணைக் குற்றச்சாட்டு போலச் சொல்லாதீர்கள். "நான் மட்டும் இல்லை" என்று ஒருவர் மூச்சுவிடும்படி சொல்லுங்கள். அப்போதுதான் பேசுவார்.

படி 3: ஏன் பெண்களைத் தனியாகப் பார்க்கிறோம்?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பெண்கள் மீதான வன்முறையைக் கணக்கெடுக்கும் பெரிய ஆய்வுகள் பல, 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களையே கேட்கின்றன. ஐம்பது வயதில் அடி நின்றுவிடுகிறதா என்ன? நாற்பது ஆண்டுகள் அடித்த கணவர், இப்போது மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் 'பராமரிப்பாளர்' என்ற பெயரில் உட்கார்ந்திருக்கலாம். செவிலியர்களும் "எவ்வளவு அன்பா பார்த்துக்கறாரு" என்பார்கள். பாலியல் கொடுமை பற்றியோ, எழுபது வயதுப் பெண்ணிடம் கேட்கவே யாருக்கும் தோன்றுவதில்லை.

கொடுமை செய்பவர் எப்போதும் அதிகாரம் கையில் இருப்பவர், அந்த அம்மா அவரை நம்பி இருப்பவர் என்றும் நினைக்க வேண்டாம். பல நேரம் தலைகீழ். அந்த அம்மாவின் வீட்டிலும் ஓய்வூதியத்திலும் வாழும் மகனோ பேரனோதான் கை நீட்டுகிறார். "அவனை வெளியே அனுப்பிட்டா எங்கே போவான்?" என்று அந்த அம்மாவே அவரைக் காப்பாற்றப் பார்ப்பார். இதைத் தெரிந்துகொள்ளாத பராமரிப்பாளர், "அவங்களே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

படி 4: கைப் பயிற்சி

வகுப்பின் உயிர் இதுதான். நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் நோயாளி. அவர் ஒரு கையை அசைக்கக் கூடாது, பேசக் கூடாது. மற்றவர் அவருக்கு மேலே ஒரு சட்டையைப் போட்டுக் கழற்ற வேண்டும். முதல் முறை, நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுங்கள். இரண்டாம் முறை விரட்டல் இல்லை. ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் சொல்லிவிட்டுத் தொட வேண்டும்: "இப்போ கையைத் தூக்கப் போறேன்ங்க." கழற்றும்போது நல்ல கை முதலில், போடும்போது பாதிக்கப்பட்ட கை முதலில். எவ்வளவு நேரம் வித்தியாசம் என்று அவர்களையே அளக்கச் சொல்லுங்கள். நான் எடுத்த வகுப்புகளில் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்தான். "நேரமே இல்லை மேடம்" என்ற பேச்சு அதோடு பாதி அடங்கிவிடும். மீதிப் பாதி நியாயமானது. அதைப் படி 7-ல் சொல்கிறேன்.

அடுத்து ஸ்பூன். நின்றுகொண்டு, மேலிருந்து, விழுங்கும் முன்பே அடுத்த வாய் தண்ணீர் ஊட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து ஊட்டச் சொல்லுங்கள். முதல் முறையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதவர் யாரும் இல்லை. வார்டில் அதற்கு நாம் வைக்கும் பெயர் 'சாப்பிட மறுக்கிறார்'.

கடைசியாக நாக்கு. கட்டிலில் இருப்பவரை நீ, வா, போ என்பதும், அவர் காதுபட 'அது' என்பதும், பெயரை விட்டுவிட்டுப் 'பதினாலாம் நம்பர்' என்பதும். எல்லாரையும் 'பாட்டி' என்று கூப்பிட்டுவிடாதீர்கள்; சிலருக்கு அது பிடிக்காது. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரிடமே கேட்டு, கேஸ் ஷீட்டின் முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள்.

படி 5: ரத்தக்கட்டைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்

"மஞ்சளா இருந்தா பழசு, நீலமா இருந்தா புதுசு" என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முதியவர்களுக்குத் தற்செயலாக வந்த ரத்தக்கட்டுகளை நாள்தோறும் கவனித்தது. சிலவற்றில் முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தது. ஆக, நிறத்தை வைத்து நாளைச் சொல்ல முடியாது. இடம்தான் முக்கியம். தற்செயலானவற்றில் ஏறக்குறைய 90 சதவீதம் கை கால்களில் இருந்தன. கழுத்து, காது, பிட்டம், பிறப்புறுப்பு, உள்ளங்கால் ஆகிய இடங்களில் ஒன்றுகூட இல்லை. அங்கே கன்னிப்போயிருந்தால் "எங்கேயோ இடிச்சிருப்பாங்க" என்று கடந்துவிடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்குக் கட்டுகள் கூடுதலாக வரலாம், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் மறுநாளே எல்லார் மீதும் சந்தேகப்படுவார்கள்.

பார்த்ததை எழுதுவது தனிக் கலை. பலகையில் இரண்டு குறிப்புகளை எழுதிப்போடுங்கள்.

"கையில் காயம். மருமகள் அடித்திருக்கலாம்."

"இடது மேல்கையின் உள்பக்கம், வரிசையாக நான்கு வட்டக் கட்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 2 செ.மீ. காலை 7:20. எப்படி வந்தது என்று கேட்டதற்கு, 'புடிச்சு இழுத்தா' என்றார்."

இரண்டாவதில் யூகம் இல்லை. அந்த அம்மாவின் வாய்வார்த்தை அப்படியே இருக்கிறது. நாலு விரல் பதிந்ததா என்று படிப்பவர் முடிவு செய்துகொள்வார்.

படி 6: தனியாகக் கேட்பது

கேள்வி சிறியது. கேட்கும் வாய்ப்பை உண்டாக்குவதுதான் கடினம். கூட வந்தவரை எப்படி வெளியே அனுப்புவது? "டிரெஸ்ஸிங் மாத்தணும், அஞ்சு நிமிஷம் வெளியே இருங்க, எல்லாருக்கும் இதுதான் முறை" என்ற வரியை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். மொழி புரியாவிட்டால் உறவினரை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது.

என்ன கேட்பது? முதியவர் கொடுமைக்கு உள்ளாகிறாரா என்று சந்தேகம் வருமிடத்தைக் கண்டுபிடிக்க, கனடாவில் மருத்துவர்களுக்காக உருவாக்கிய ஈ.ஏ.எஸ்.ஐ. (EASI) என்ற ஆறு கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. ஐந்தை நோயாளியிடம் கேட்க வேண்டும், ஆறாவது மருத்துவர் தன் கண்ணால் பார்த்ததைக் குறிப்பது. நினைவு தெளிவாக உள்ளவர்களிடம் சோதித்த பட்டியல் அது, மறதி நோய் உள்ளவர்களுக்கு அப்படியே பொருந்தாது. பட்டியல் கையில் இல்லாவிட்டாலும் இரண்டு வரி போதும்: "வீட்டுல யாருக்காவது பயப்படறீங்களா?" "உங்களுக்கு இஷ்டமில்லாம எதிலயாவது கையெழுத்து வாங்கினாங்களா?"

பதில் வந்தபின் என்ன செய்வது என்பதில்தான் நல்லவர்களும் தவறுவார்கள். "இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்று கேட்கக் கூடாது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, காப்பாற்ற முடியாது. கொடுமை செய்தவரிடம் போய் நியாயம் கேட்கவே கூடாது. அன்றிரவு அந்த அம்மாதான் அவரோடு இருக்கப்போகிறார். வன்முறைக்கு உள்ளான பெண்களைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களுக்காக 2014-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேடு சொல்லும் ஒழுங்கு எளிது: காதுகொடுத்துக் கேள், என்ன தேவை என்று விசாரி, நம்புகிறேன் என்பதை உணர்த்து, இப்போதைக்குப் பாதுகாப்பா என்று பார், உதவிக்கு வழிகாட்டு.

மறதி நோய் உள்ளவர் "என்னை அடிக்கிறாங்க" என்றால்? அவர் சொல்லும் நாளும் ஆளும் மாறலாம். குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வரும்போது மட்டும் உடம்பு சுருங்குகிறதா என்று கவனியுங்கள். அதுவும் எழுதி வைக்க வேண்டிய செய்திதான்.

படி 7: கோபம் வரும் நேரம்

நோயாளி கிள்ளுவார், துப்புவார், கெட்ட வார்த்தை சொல்வார். கை ஓங்கத் தோன்றியதே இல்லை என்பவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அந்த நொடிக்கு ஒரு வழக்கம் வேண்டும்: கட்டில் தடுப்பு, தலை, கால் மூன்றையும் பார், பாதுகாப்பாக இருந்தால் வெளியே வா, அடுத்த ஆளைக் கூப்பிடு, ஐந்து நிமிடம் கழித்துப் போ. குளியல் கால் மணி நேரம் தள்ளிப்போனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

மீதிப் பாதி நியாயம் என்றேனே, அது இதுதான். இரவு டியூட்டியில் ஒரே ஆளிடம் இருபது பேரை ஒப்படைத்துவிட்டு, 'அன்பாகப் பாருங்கள்' என்று வகுப்பு எடுப்பது ஏமாற்று வேலை. வெளியே வந்து கூப்பிட அங்கே அடுத்த ஆளே இல்லை. பங்கேற்பாளர்கள் சொல்லும் ஆள் பற்றாக்குறையைப் பெயர் போடாமல் எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். அதைச் செய்ய உங்களுக்கு மனமில்லை என்றால் வகுப்பையும் எடுக்க வேண்டாம்.

படி 8: ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போங்கள்

தேர்வு வைக்காதீர்கள். பெயரை மறைத்த மூன்று கேஸ் குறிப்புகளைக் கொண்டுவரச் சொல்லி, எல்லாருமாகப் படித்து, பலகையில் திருத்தி எழுதுங்கள். புகார்கள் முன்பைவிடக் கூடியிருந்தால் மேலாளர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார். இதுவரை எழுதாமல் விட்டதெல்லாம் இப்போது ஏட்டில் ஏறுகிறது என்று விளக்குங்கள். கூடவே, அந்த ஒவ்வொரு புகாருக்கும் என்ன நடவடிக்கை எடுத்தார் என்று அவரிடமும் கேட்டு, தேதியோடு குறித்துக்கொண்டு வாருங்கள்.