பெயரை அழித்தால் ஆள் மறைவதில்லை: ஸ்கிரீன்ஷொட் விடயத்தில் வன்னியில் நாம் செய்யும் தவறுகள்

கொழும்பில் ஒருவர் எழுதிய செய்தியை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, மேலே இருக்கும் பெயரை அழித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்பினால், எழுதியவர் யாரென்று அந்த நாலு பேருக்கும் தெரியாமலே போகலாம். வன்னியில், விசுவமடு போன்ற ஓர் ஊரில் அப்படி நடக்காது. "மூத்தவள் இந்த முறை உயர்தரம் எடுக்கிறாள், மோட்டர் பழுதாகிவிட்டது, தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை" என்ற ஒரு வரி போதும். எந்த வாய்க்கால் பக்கம், எந்த ஒழுங்கை, யாருடைய வீடு என்பது வரை ஊர் கண்டுபிடித்துவிடும்.

தனியுரிமை பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறியாத நகரத்து மனிதர்களுக்காக எழுதப்பட்டவை. பெயரை மறை, முகத்தை மங்கலாக்கு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பரந்தனிலோ மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ அது பாதி வேலைகூட இல்லை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: எழுதியவர் இதை யாருக்காக எழுதினார்?

உதவிக்கு அத்தாட்சியாக ஒருவருடைய கண்ணீரைப் போடுவது

என் கணிப்பில் எல்லாவற்றிலும் மோசமான தவறு இதுதான். செய்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள் என்பதால், கண்டிக்கவும் எவரும் முன்வருவதில்லை.

நடப்பது இப்படித்தான். கணவனை இழந்த ஒரு பெண், வெளிநாட்டு உறவுகளிடம் பணம் சேர்த்துக் கொடுக்கும் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் எழுதுகிறார். பிள்ளையின் ரியூஷன் காசு, நுண்கடன் தவணை, மாமியாரின் நோய் என்று எவரிடமும் சொல்லாததையெல்லாம் சொல்கிறார். அடுத்த நாள் அந்த உரையாடல் அப்படியே ஸ்கிரீன்ஷொட்டாக, ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருப்பவர்கள் உள்ள குழுமத்தில் கிடக்கிறது. கொடையாளருக்கு நம்பிக்கை வர வேண்டுமாம். அந்தக் குழுமத்தில் இருக்கும் ஒருவருக்குத் தர்மபுரத்தில் ஒரு மைத்துனி இருப்பார். அன்று மாலையே செய்தி ஊருக்குத் திரும்பிவிடும்.

அதோடு சேர்த்து வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கமும், அடையாள அட்டையின் படமும் போடப்படும். அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமென்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதிலேயே பிறந்த நாள் இருக்கிறது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 90545 என்று தொடங்கும் இலக்கம் 1990 பெப்ரவரி 14ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணுடையது. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையிலும் கணக்கு இதுவே, ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாக முழுமையாக வருகிறது. பெயர், முகவரி, பிறந்த திகதி, கணக்கு இலக்கம், கூடவே தனியாக வாழ்கிறார் என்ற தகவல். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி மோசடி செய்பவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆறுதல் சொல்வதாக இரவில் அழைக்கும் ஆண்களின் கதையை அந்தப் பெண்களிடமே கேளுங்கள்.

அரிசிப் பையை வாங்கும் படமும் இந்த வகைதான். பையைக் கையில் கொடுத்துவிட்டுப் படம் எடுக்கலாமா என்று கேட்பதைச் சம்மதம் கேட்பதாக நான் கணக்கில் எடுக்கமாட்டேன். அந்த நிலையில் யார் மாட்டேன் என்பார்கள்? கேட்பதென்றால் பை வீட்டில் இருக்கும்போதே கேட்க வேண்டும், மறுத்தாலும் பை வரும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். கொடையாளருக்குக் கணக்குக் காட்டுவது அவசியம்தான். அதற்குக் கடையின் பற்றுச்சீட்டு இருக்கிறது, பாடசாலை அதிபரின் கடிதம் இருக்கிறது. உரையாடலைப் பகிரத்தான் வேண்டும் என்றால் எழுதியவரிடமே கேட்கலாம்: "அக்கா, நீங்கள் எழுதியதை அப்படியே அனுப்பமாட்டேன். உயர்தரம் படிக்கும் ஒரு மாணவிக்கு மாதாமாதம் உதவி தேவை என்று மட்டும் எழுதுகிறேன். ஊரின் பெயரும் வராது. சரியா?" இதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

செயலி பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது

2016 முதல் வட்ஸ்அப்பில் செய்திகள் முனைக்கு முனை மறைகுறியாக்கத்தோடு போகின்றன. இடையில் யாரும் வாசிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் மறுமுனையில் தொலைபேசியை வைத்திருப்பவர் வாசிக்கத்தானே அனுப்பினோம்? அவருடைய பெருவிரலை எந்த மறைகுறியாக்கமும் தடுக்காது. நீங்கள் எழுதியதை அவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் வட்ஸ்அப் உங்களுக்கு அறிவிக்கவும் மாட்டாது. ஸ்னாப்சட் அறிவிக்கும். இன்ஸ்டகிராமில் ஒருவருக்குத் தனியாக அனுப்பிய, பார்த்தவுடன் மறையும் படத்தைப் பிடித்தால் அறிவிப்பு வரும்; ஸ்டோரியைப் பிடித்தால் வராது. மெசெஞ்சரில் மறையும் செய்திகளுக்கு மட்டும் உண்டு. ஒரு செயலியின் வழக்கத்தை இன்னொன்றிலும் எதிர்பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு முறை மட்டும் பார்க்கும் வசதி வட்ஸ்அப்புக்கு 2021இல் வந்தது. அதை ஸ்கிரீன்ஷொட் எடுக்க முடியாதபடி பின்னர் தடுத்தார்கள். சரி, ஆனால் பக்கத்தில் இன்னொரு தொலைபேசி இருந்தால் திரையையே படம் பிடித்துவிடலாம். இரண்டு தொலைபேசி இல்லாத இளைஞர் கூட்டத்தைக் கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் நான் கண்டதில்லை. எல்லோருக்குமாக அழிக்கும் வசதி ஏறக்குறைய இரண்டரை நாட்கள் வரைதான் வேலை செய்யும். அதற்குள் யார் பார்த்தார், யார் பிடித்தார் என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அன்ரொயிட் 11இல் இருந்து அறிவிப்பு வரலாறு என்றொரு வசதியும் உண்டு. அதை இயக்கி வைத்திருப்பவருக்கு, நீங்கள் அழித்த செய்தியின் தொடக்க வரிகள் அங்கே காத்திருக்கும்.

மறையும் செய்திகளை 24 மணித்தியாலம், 7 நாள், 90 நாள் என்று அமைக்கலாம். அமைப்பது நல்லது. பழைய பேச்சுகள் தொலைபேசியில் மலைபோலக் குவியாமல் இருப்பதற்கு அது உதவும், குறிப்பாகத் தொலைபேசியைத் திருத்தக் கொடுக்கும் நாளில். பூட்டுக் குறியீட்டையும் சொல்லிக் கடையில் விட்டுவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

படத்தின் ஓரங்களைப் பார்க்காமல் அனுப்புவது

சொல்ல வந்த விடயம் நடுவில் இருக்கும், சிக்கல் ஓரத்தில் இருக்கும். மேல் வரியில் வேறொருவரின் செய்தி அறிவிப்பு, கீழே நீங்கள் அனுப்பாமல் பாதியில் விட்ட பதில், இவற்றோடு எழுதியவரை நீங்கள் என்ன பெயரில் சேமித்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். "கடன்கார மாமி" என்று சேமித்திருந்த பெயர் ஸ்கிரீன்ஷொட்டோடு போய் அந்த மாமியின் கைக்கே சேர்ந்தால், கடனைத் தீர்த்தாலும் பேச்சுவார்த்தை தீராது.

மறைப்பதற்குப் பலரும் எடுப்பது படத்திருத்தியில் இருக்கும் மார்க்கர் பேனையை. அது கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் மை முழுதாக மூடியிருக்காது. படத்தின் ஒளியைக் கூட்டினால் அடியில் இருக்கும் இலக்கம் மேலே வந்துவிடும். திண்ணமான நிறத்தில் ஒரு பெட்டியை வரைந்து மூடுங்கள். வெட்டி அனுப்பினால் போதும் என்பதிலும் ஒரு பழைய பாடம் இருக்கிறது: 2023இல் கூகுளின் பிக்சல் தொலைபேசிகளிலும் விண்டோஸ் 11இன் திரைப்பிடிப்புக் கருவியிலும், வெட்டிய பகுதியை மீட்டெடுக்கக்கூடிய குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் சரிசெய்தார்கள். முன்பு அனுப்பிய படங்கள் அனுப்பியபடியே இருக்கின்றன.

குரல் பதிவை மறுபடி அனுப்புவதும் ஸ்கிரீன்ஷொட்தான். சொல்லப்போனால் அதைவிட மோசம். எழுத்தில் பெயரையாவது மறைக்கலாம், குரலை எங்கே மறைப்பது? தட்டச்சு வராத அம்மாக்களும் அப்பாக்களும் கனடாவுக்குப் பேசுவது குரல் பதிவில்தான். மகளிடம் மருமகனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்ட பதிவு குடும்பக் குழுமத்தில் விழுந்து, இரண்டு வீடுகள் பேசாமல் போன கதை எந்த ஊரில் இல்லை?

ஸ்டேட்டஸை உறவினர் மட்டும் பார்க்கிறார்கள் என்று எண்ணுவது

உங்கள் வட்ஸ்அப் ஸ்டேட்டஸை, உங்கள் இலக்கத்தைச் சேமித்திருப்பவர்களில் யாருடைய இலக்கத்தை நீங்களும் சேமித்திருக்கிறீர்களோ அவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். ரீலோட் கடைக்காரர், உழவு இயந்திரக்காரர், நுண்கடன் தவணை சேர்க்க வருபவர், பிள்ளையின் வகுப்பாசிரியர். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கட்டிய புதுச் சேலையும் சங்கிலியும் தவணைக்காரரின் தொலைபேசியிலும் தெரியும். தனியுரிமை அமைப்பில் குறிப்பிட்ட சிலரை விலக்கவோ, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் காட்டவோ வழி இருக்கிறது. ஒரு முறை அமைத்தால் போதும்.

இழவு வீட்டை முந்துவது

ஏ9 வீதியில் விபத்து நடந்தால், நோயாளர் காவு வண்டி வருவதற்கு முன்பே படம் லண்டனுக்குப் போய்விடுகிறது. மோட்டார் சைக்கிளின் இலக்கத்தகடு தெரிகிறது, சேட்டு தெரிகிறது, சில வேளை முகமே தெரிகிறது. தாய்க்குச் சொல்ல ஆள் போய்க்கொண்டிருக்கும்போது, தாயின் கையில் இருக்கும் தொலைபேசிக்கே அந்தப் படம் வருகிறது. செய்தியை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டுமென்றால் "முறிகண்டிப் பக்கம் விபத்து, வீதி தடைப்பட்டிருக்கிறது" என்று எழுதினால் போதும். படம் எதற்கு?

கூட்டங்களில் எடுக்கும் படத்துக்கும் இதே நிதானம் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தை ஏந்தி வீதியில் நிற்பது அவர்கள் தெரிந்தெடுத்த வழி. உலகம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்ற இளைஞனின் முகத்தில் பெயரைக் குறியிட்டுப் போடுவது வேறு. முகநூல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆட்கள் கைதான நாடு இது. அவனிடம் கேட்காமல் அவனுக்காக நீங்கள் துணிவு காட்டக்கூடாது.

எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் விடுவது

இவ்வளவும் சொன்னதால் ஸ்கிரீன்ஷொட்டே எடுக்கக்கூடாது என்று ஆகிவிடாது. மிரட்டல் வந்தால், கடன் கொடுத்தவர் ஆபாசமாக எழுதினால், படத்தை வெளியிடுவேன் என்று ஒருவன் பயமுறுத்தினால், உடனே எடுக்க வேண்டும். ஆனால் அங்கே நம்மவர்கள் வெட்கத்தில் உரையாடலை அழித்துவிட்டு, இலக்கத்தைத் தடுத்துவிட்டுத்தான் பொலிஸுக்குப் போகிறார்கள். காட்ட ஒன்றும் இருப்பதில்லை.

சான்றுக்காக எடுக்கும்போது மேலே சொன்னதெல்லாம் தலைகீழ்: வெட்டாதீர்கள், மறைக்காதீர்கள். திகதியும் நேரமும் தெரிய வேண்டும். சேமித்த பெயரை மட்டும் காட்டும் படம் போதாது, தொடர்பு விபரத்தைத் திறந்து இலக்கத்தையும் தனியாகப் பிடியுங்கள். நீண்ட உரையாடலைத் திரைப்பதிவாக எடுக்கலாம். பிறகு நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் அனுப்பி வைத்துவிட்டு, அதன் பின் இலக்கத்தைத் தடுங்கள். ஊர்க் குழுமத்தில் போட்டு அவனை நாறடிக்கலாம் என்று கை துறுதுறுக்கும். போட்டால் அவன் உசாராகி எல்லாவற்றையும் அழிப்பான்.

சட்டம் எங்கே நிற்கிறது என்றால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த எழுதப்பட்டது. முற்றிலும் சொந்த, வீட்டுத் தேவைக்கான பாவனை அதற்குள் வராது. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஒருவருடைய அந்தரங்கத் தகவலை வெளியிட்டுத் துன்புறுத்துவதைக் குற்றமாக்குகிறது. பேச்சுரிமையை நெரிக்கிறது என்ற கடும் விமர்சனமும் அதே சட்டத்தின் மீது உண்டு. வழக்கு என்பது நீண்ட பாதை. முதலில் உதவி கேட்க, இணையப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101, பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 ஆகிய இலக்கங்கள் இருக்கின்றன.

அந்தரங்கப் படம் வெளியாகிவிட்டால், "பார்த்தீர்களா என்ன செய்திருக்கிறான்" என்று ஆத்திரத்தில்கூட இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் அனுப்பும் நீங்களும் குற்றவாளியாகலாம். பெரியவர்களுக்கு ஸ்டொப் என்சிஐஐ என்ற இணையத்தளமும், 18 வயதுக்குட்பட்டபோது எடுத்த படங்களுக்கு டேக் இட் டவுன் என்ற தளமும் உள்ளன. படம் உங்கள் தொலைபேசியை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் போகும். முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். வட்ஸ்அப் உரையாடலுக்குள் அது எட்டாது. ஆகவே படம் விழுந்தது ஊர்க் குழுமத்தில் என்றால், உறுப்பினர் போட்ட எதையும் எல்லோருக்குமாக நீக்கும் அதிகாரம் அதன் நிர்வாகிக்கு உண்டு. அவருக்குச் செய்தி எழுதிக் காத்திருக்காமல் நேரே அழையுங்கள். எடுக்காவிட்டால் வீட்டுக்கே போங்கள், எப்படியும் வீடு தெரியும்.