கடனா, ஓய்வூதியமா: முதலில் வட்டியைப் பாருங்கள்

நாற்பது தாண்டி ஓய்வூதியத் திட்டம் தொடங்குவதா, வீட்டுக் கடனை அடைப்பதா என்றால், இரண்டின் வட்டி வீதத்தையும் எழுதிப் பாருங்கள். கடன் வட்டி கூடவென்றால், பெரும்போக வெள்ளாமைக் காசோ போனஸோ வந்ததும் கடனின் முதலுக்குக் கட்டுங்கள். தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள், அதுதான் முக்கியம். மீதி முதலுக்கே வட்டி என்பதால், 14 வீதக் கடனில் 1 இலட்சம் கட்டினால் அடுத்த வருடமே சுமார் 14,000 ரூபா மிச்சம்.

முன்கூட்டிக் கட்டத் தண்டப்பணம் அதிகமென்றாலோ சலுகை வட்டிக் கடனென்றாலோ இது சரிவராது. இலங்கையில் தனியார் ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதியில் (EPF) சம்பளத்திலிருந்து அவரது 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்கிறது. கல்முனையில் சொந்தக் கடை, வாழைச்சேனையில் மீன்பிடி என்றிருப்பவருக்கு அதுவும் இல்லை. அவர்கள் கடன் கட்டும்போதே சிறு தொகையாவது ஓய்வூதியத்துக்கு ஒதுக்கத்தான் வேண்டும்.