கொடி சுத்தியிருந்துச்சா சிஸ்டர்? பிரசவ அறையில் தொப்புள்கொடியைப் பார்க்கும் முறை

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வேலைக்குப் போனாலும், லேபர் ரூம் வாசலில் கேட்கிற முதல் கேள்வி ஆணா பெண்ணா என்பது, இரண்டாவது "கொடி சுத்தியிருந்துச்சா சிஸ்டர்?". கேட்பது பெரும்பாலும் அப்பத்தாவோ அம்மாச்சியோ, பின்னால் முகம் வெளுத்து நிற்பது தாய்மாமன். இதற்குப் பதில் சொல்லவாவது கொடியை ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டுமே! கிளாம்ப் (கொடியை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) போட்டு வெட்டியதோடு மறந்துவிட்டு, நஞ்சோடு (பிளசென்டா) சேர்த்து ஆஸ்பத்திரிக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தலை வந்ததும் விரலைக் கழுத்தோரம் விட்டுத் தடவிப் பாருங்கள். நாலைந்து குழந்தைகளில் ஒன்றுக்கு ஒரு சுற்றாவது இருக்கும், அதனால் பதற வேண்டாம், முகத்தையும் மாற்ற வேண்டாம், தாய் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். தளர்வாக இருந்தால் விரலால் கொக்கி போட்டுத் தலைக்கு மேலாகக் கழற்றுங்கள். தலைவழி வராவிட்டால் தோள்வழி இறக்கிவிடுங்கள், குழந்தை அதற்குள்ளிருந்தே நழுவி வந்துவிடும். அதற்கும் இடம் கொடுக்காத இறுக்கமா? தலையைத் தாயின் தொடைப் பக்கமாக ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள், உடம்பு குட்டிக்கரணம் அடித்ததுபோல் வெளியே வரும், அப்புறம் நிதானமாகச் சுற்றைப் பிரிக்கலாம். கழுத்திலேயே கிளாம்ப் போட்டு வெட்டுவது கடைசி வழி. வெட்டிய பிறகு தோள் மாட்டிக்கொண்டால், குழந்தைக்கு ஆக்ஸிஜன் போக வேறு பாதையே கிடையாது.

இறுக்கமாகச் சுற்றிப் பிறந்த குழந்தை சில நேரம் வெளுத்திருக்கும். கொடி நசுங்கும்போது, நஞ்சிலிருந்து குழந்தைக்கு ரத்தம் கொண்டுவரும் மெல்லிய சுவருள்ள சிரைதான் முதலில் அடைபடும், குழந்தையிடமிருந்து நஞ்சுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் அதற்குப் பிறகும் ஓடும். அதனால் குழந்தையின் ரத்தம் நஞ்சுக்குப் போகும், திரும்பி வராது. இந்தக் குழந்தைக்குத்தான் அவசரமாக வெட்டக் கூடாது. மூச்சுக்கு உதவி தேவைப்படாத எந்தக் குழந்தைக்கும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுத்து வெட்டுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

கிளாம்ப் போடும் முன் தொப்புள் ஓரத்தை ஒரு பார்வை பாருங்கள். கொடியின் அடிப்பகுதி மட்டும் வழக்கத்தை மீறி உப்பியிருந்தால், உள்ளே குடலின் ஒரு சிறு வளைவு இருக்கலாம். வழக்கம்போல இரண்டு மூன்று சென்டிமீட்டரில் கிளாம்ப் போட்டால் குடலும் சேர்ந்து நசுங்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் உப்பலைத் தாண்டித் தள்ளிப் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். அரிதுதான், ஆனால் ஒருமுறை தவறினாலும் பிள்ளைக்கு ஆபரேஷன்.

அடுத்து நீளமும் முடிச்சும். சராசரி நீளம் 50 முதல் 60 சென்டிமீட்டர், குழந்தைப் பக்கத் துண்டையும் நஞ்சுப் பக்கத் துண்டையும் கூட்டித்தான் கணக்கு. நீளக் கொடியில்தான் சுற்றும் முடிச்சும் அதிகம். கொடியில் புடைப்பைக் கண்டதும் முடிச்சு என்று எழுதிவிடாதீர்கள், முக்கால்வாசி அது ரத்தக்குழாய் வளைந்து புடைத்த பொய் முடிச்சு. நிஜ முடிச்சு என்றால் கொடியே ஒரு வளையத்துக்குள் நுழைந்து வந்திருக்கும், அவிழ்த்தால் அவிழும். நூறில் ஒன்று அளவில் பார்க்கலாம், பெரும்பாலும் குழந்தை கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருக்கும், குழாயைச் சுற்றியுள்ள வழுவழுப்பான ஜெல்லிதான் அது இறுகாமல் காப்பாற்றுகிறது.

குழாய் எண்ணுவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கொடியைப் புதிதாக ஒரு வெட்டு வெட்டி, பஞ்சால் ரத்தத்தை ஒற்றி எடுத்தால் மூன்று வாய் தெரியும்: தொளதொளவென்று பெரிதாகத் திறந்திருப்பது சிரை, வெள்ளையாக விறைத்துச் சிறு புள்ளியாக நிற்கும் இரண்டும் தமனிகள். நஞ்சை ஒட்டி வெட்டி எண்ணாதீர்கள், அந்த இடத்தில் இரண்டு தமனியும் சேர்ந்துகொள்வது உண்டு, ஒன்றே ஒன்று இருப்பதுபோல ஏமாற்றும். உண்மையிலேயே ஒரு தமனிதான் என்றால் கேஸ் ஷீட்டில் எழுதி, குழந்தை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். சிறுநீரகத்திலும் இதயத்திலும் குறை இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். வேறு குறை எதுவும் இல்லாத குழந்தைகள்தான் அதிகம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வீட்டில் இரவு யாரும் தூங்க மாட்டார்கள்.

கொடி நஞ்சின் நடுவில் சேராமல், ஓரச் சவ்வில் சேர்ந்து, ஜெல்லி இல்லாத வெறும் குழாய்களாகப் பிரிந்து ஓடுவதும் உண்டு. இழுத்தால் பிய்ந்து கையோடு வரும். நஞ்சு இறங்கும்போது கொடி மெலிந்து இழைவதுபோல் பட்டால் இழுப்பதை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இதுவரை சொன்னதில் நிதானத்துக்கு இடம் இருக்கிறது. பனிக்குடம் உடைந்து, குழந்தைக்கு முன்னால் கொடி வெளியே வந்துவிட்டால் இல்லை. வீட்டில் நடந்தால் 108-க்கு போன், தாயை முழங்காலும் நெஞ்சும் தரையில் பட, இடுப்பு உயரக் குப்புற இருக்க வைக்க வேண்டும், கொடியை உள்ளே தள்ளவோ கையில் பிடித்து அளையவோ கூடாது. வண்டியில் ஏறியதும் இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து இடது பக்கமாகப் படுக்க வைக்கலாம். நீங்கள் கூட இருந்தால் கையுறை போட்ட விரல்களால் குழந்தையின் தலையைக் கொடியிலிருந்து மேலே தள்ளிப் பிடியுங்கள், ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் எடு என்று சொல்லும் வரை அந்தக் கையை எடுக்கவே கூடாது.

சரி, வாசலுக்கு வருவோம். மாலை சுற்றி, அதாவது கொடி கழுத்தைச் சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்பது நம் பக்கத்தில் ஆழமாக ஊறிய பேச்சு. அதற்காகப் பொய் சொல்லாதீர்கள், உள்ளே இருந்த யாராவது எப்படியும் சொல்லிவிடுவார்கள். "சுத்தியிருந்துச்சு அப்பத்தா, கழட்டிட்டேன், பிள்ளை நல்லா அழுதுச்சு, நாலஞ்சு பிள்ளையில ஒண்ணு இப்படித்தான் பிறக்குது" என்று தாய்மாமன் காதுபடச் சொல்லுங்கள். எண்ணெயில் பிள்ளை முகம் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவேன் என்று அவர் சொன்னால் பார்க்கட்டும், யாருக்கும் கெடுதல் இல்லை, எண்ணெய் பிள்ளை மேல் படாமல் இருந்தால் போதும். ஆனால் "ராசியில்லாத பிள்ளை" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள், அந்தப் பேச்சு போய் விழுவது பெற்றவள் தலையில்.

வீட்டுக்கு அனுப்பும்போது: மிச்சக் கொடியில் மஞ்சள், சாம்பல், விளக்கெண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம், காய விடுங்கள், டயப்பரை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் தானாக விழும். விழுந்ததைத் தாயத்தில் அடைத்து வைப்பது அவர்கள் விருப்பம், கழுத்தில் மட்டும் கட்ட வேண்டாம். தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்தாலோ, சீழோ கெட்ட வாடையோ வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, மூன்று வாரம் தாண்டியும் விழாவிட்டாலும் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்.