பத்து ஆண்டு கழித்தும் திறக்க வேண்டும்: கருவியையும் சேவையையும் தேர்ந்தெடுக்கும் முறை

என் அப்பா 2002இல் தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதம் ஒன்றை அண்மையில் திறந்தேன். 'அன்புள்ள' என்று தொடங்க வேண்டிய இடத்தில் எம், டி, அரைப்புள்ளி, ஜி, எஸ், அரைப்புள்ளி, எஸ் என்று ஆங்கில விசைகள் வரிசையாக நின்றன. கோப்பு கெட்டுப்போகவில்லை. அது ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்துக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது, அந்த எழுத்துரு என் கணினியில் இல்லை, அவ்வளவுதான். எழுத்துரு மாற்றியில் இட்டு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்குக் கொண்டுவந்ததும் அப்பாவின் குரலே திரும்பி வந்தது போல் இருந்தது. அன்று முதல் எந்தக் கருவியை வாங்கினாலும், எந்தச் சேவையில் சேர்ந்தாலும், கீழ்க்காணும் வரிசையில் பார்த்த பிறகே பணம் கட்டுகிறேன்.

முதல் படி, கோப்பு வடிவம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், முன்பு திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றியதால்தான் அவை இன்றைய கைபேசியிலும் தடையின்றித் திறக்கின்றன. உங்கள் எழுத்து யூனிகோடிலும், புத்தகம் இபப் அல்லது பிடிஎஃப் வடிவிலும், படம் ஜேபெக்கிலும், இசை எம்பி3 அல்லது ஃபிளாக்கிலும் இருக்கட்டும். இவற்றைத் திறக்கப் பல நிறுவனங்களின் செயலிகள் இருப்பதால், ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

இரண்டாம் படி, வாங்கியது உண்மையில் உங்கள் கைக்கு வருகிறதா என்று சோதிப்பது. தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான், ஆகவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள். மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் புத்தகங்கள் மறைந்துவிட்டன, ஓரங்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் குறிப்புகளுக்கு ஈடாக 25 டாலர் வரவு வைக்கப்பட்டது. கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. ஆகவே புதிய கடையில் விலை குறைந்த ஒரே ஒரு நூலையோ பாடலையோ வாங்குங்கள். அதைப் பென்டிரைவில் நகலெடுத்து, இணையம் இல்லாத வேறொரு கணினியில், வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். திறந்தால் அது உங்கள் உடைமை. திறக்காவிட்டால் நீங்கள் கொடுத்தது வாடகை. வாடகை என்று தெரிந்தே கொடுப்பதில் தவறில்லை, விலை அதற்கேற்றதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாம் படி, வெளியேறும் வழி. புகைப்படங்களை ஒரு சேவையில் கொட்டி நிரப்பும் முன்பே, பத்துப் படங்களை மட்டும் ஏற்றி, அவற்றை மொத்தமாகத் திரும்ப எடுத்துப் பாருங்கள். கூகுளில் இதற்கு டேக்அவுட் என்ற பக்கம் இருக்கிறது: உள்நுழைந்து, வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்டால், தயாரானதும் இறக்கிக்கொள்ள மின்னஞ்சலில் இணைப்பு வரும். இப்படியொரு வழி இல்லாத சேவையை, எவ்வளவு இலவசமாக இருந்தாலும், நான் தொடுவதில்லை.

நான்காம் படி, கருவியின் ஆயுள். விளம்பரத்தில் கேமராவைப் பார்ப்பதற்கு முன், பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்று தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். 2023இல் வந்த பிக்சல் 8 கைபேசிக்குக் கூகுள் 7 ஆண்டுகள் உறுதியளித்தது. அந்தக் கணக்கு மாடல் முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் இரண்டு ஆண்டுப் பழைய மாடலை வாங்கினால் மிச்சம் ஐந்துதான். விலையை மிச்சமிருக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால், மலிவாகத் தோன்றியது பல நேரங்களில் மலிவாக இருக்காது. பழைய கணினி வாங்குவோர் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததையும் நினைவில் கொள்ளுங்கள்.

பேட்டரி மாற்ற உங்கள் ஊரில் ஆள் உண்டா, உதிரி பாகம் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள். சார்ஜர் யூஎஸ்பி சி வகையாக இருந்தால் போதும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டு வன்தட்டிலும், இன்னொன்று உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, அந்த வன்தட்டைச் சொருகி, மிகப் பழைய கோப்புகளில் நாலைந்தைத் திறந்து பாருங்கள். திறக்கத் தயங்கும் கோப்பை அன்றே புதிய வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மாற்றித் தரும் கருவி அப்போதுதான் எளிதாகக் கிடைக்கும்.