ஐந்து குறைகளுக்கு ஒரே மனு: தெருச் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரியில் புதிதாகத் தொடங்கப்பட்ட குடியிருப்போர் சங்கம் ஒன்றின் இளைஞர்கள் மூவர், சென்ற மாதம் தங்கள் மனுவின் வரைவைக் கொண்டுவந்து காட்டினார்கள். வாகன நிறுத்தம், சுவரெழுத்து, எரியாத தெருவிளக்கு, வேகத்தடை, தெருநாய் என ஐந்து குறைகள் நான்கு பக்கங்களில் அடுக்கப்பட்டிருந்தன. பல ஆண்டுகளுக்கு முன் அதே ஊரின் தோட்டப்பாளையத்திலிருந்து நான் எழுதிய மனுவை வேறொருவர் கையெழுத்தில் படிப்பதுபோல இருந்தது. தேதியிடுவது, நகல் வைத்துக்கொள்வது போன்றவற்றை எவரும் அறிவர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே மனுவில் அடக்குதல்

இந்தத் தவற்றை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. சிகிச்சைக்காக வெளிமாநிலங்களிலிருந்து வந்து தங்குவோருக்காக எங்கள் தெருவின் வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாக மாறியபின், இருபுறமும் வேன்களும் ஆட்டோக்களும் நின்று, நடுவில் ஒரு சைக்கிள் போகும் வழிதான் மிஞ்சியது. அதற்காகத்தான் மனு எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுதக் குறைகள் பெருகின. எளிதானது முதலில் இருக்கட்டும் என்று தெருவிளக்கைத் தொடக்கத்திலும் வாகன நிறுத்தத்தை மூன்றாம் பக்கத்திலும் வைத்தேன். முதல் வரியைப் பார்த்து மனு விளக்குப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. பத்து நாளில் விளக்கு எரிந்தது. ‘மனுதாரரின் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது’ என்ற பதிலும் வந்தது. மறுபடி எழுதியபோது, இதே மனுதாரரின் மனு ஏற்கெனவே முடிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். ஏழு மாதங்கள் இப்படியே போயின. அதற்கிடையே ஓர் இரவு ஆம்புலன்ஸ் தெருமுனையைத் தாண்ட முடியாமல் நின்றுவிட, நெஞ்சுவலி கண்ட எதிர்வீட்டுப் பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிச்சென்றோம். அவர் பிழைத்தார், அதில் என் மனுவுக்குப் பங்கில்லை.

ஒவ்வொரு குறையும் வெவ்வேறு கையில் இருக்கிறது. தெருவிளக்கு மாநகராட்சியைச் சேர்ந்தது. வேலூர் மாநகராட்சியின் 60 வார்டுகளும் நான்கு மண்டலங்களில் அடங்குவதால் உங்கள் மண்டல அலுவலகத்துக்கே அதை எழுத வேண்டும். சாய்ந்த மின்கம்பமும் தொங்கும் மின்கம்பியும் மின்வாரியத்தின் பொறுப்பு. வாகனங்கள் எங்கே நிற்கலாம் என்பதை மாநில அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ உள்ளாட்சியைக் கலந்து தீர்மானிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு. ஆகவே சங்கமே எழுதி மாட்டும் ‘நோ பார்க்கிங்’ பலகைக்குச் சட்ட வலிமை இல்லை. அதே சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளின்றி விடப்பட்ட வண்டியை அகற்றக் காவல்துறை உத்தரவிடலாம். எனவே ‘எப்போதும் நிற்கிறது’ என்று எழுதாமல், காலையிலும் இரவிலும் நேரம் தெரிய எடுத்த படங்களோடு வண்டி எண்ணை மட்டும் தனி மனுவாகக் காவல் நிலையத்தில் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதினால் வண்டி விவகாரம் குடும்பப் பகையாகிவிடும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளுக்குப் போனாலும் இதே கணக்குத்தான்: ஒரு குறை, ஒரு தாள், ஒரு ரசீது.

சாலை யாருடையது என்று பார்க்காமை

அந்த இளைஞர்கள் வேகத்தடை கேட்ட இடம் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலை. அங்கே கைவைக்க மாநகராட்சிக்கு உரிமையில்லை. ஐயமிருந்தால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவலறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு உண்டு.

நாமே வேகத்தடை போடுதல்

விதிப்படி வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது. மிஞ்சிய சிமென்ட்டில் கட்டிய திட்டு வேகத்தடை ஆகாது, இடறுகல்தான்.

சுவருக்குச் சுவரெழுத்தே மருந்து என்று நம்புதல்

கட்சி எழுத்தை மறைக்கச் சாமி படம் வரைந்தோம். பக்கத்தில் மிஞ்சிய இடத்தில் டியூஷன் விளம்பரம் வந்தது. பொது இடங்களின் அழகைக் கெடுப்பதற்கு எதிராக 1959 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. பெயிண்ட் வாங்குவதற்கு முன் அதைச் சுட்டி ஒரு தாள் எழுதுங்கள்.

நம் வீட்டு வாசலை மறத்தல்

ஒருவழியாக வாகன நெரிசலைப் பார்வையிட வந்த அலுவலர் அளவு டேப்பை முதலில் வைத்தது என் வீட்டுச் சாய்தளத்தின்மீது. அது தெருவுக்குள் இரண்டேகால் அடி நீண்டிருந்தது. அடுத்த வாரம் ஆள் வைத்து அதை உடைத்த பிறகே நினைவூட்டுக் கடிதம் எழுதினேன்.